வத்ரூஷ்காவில் பிரேக் கிடையாது

மேலே மின்கம்பியைப் பிடித்து ஓடும் எங்கள் ஊர் ட்ராலிபஸ்களின் டிப்போவில் ரிம்மா அர்காதியெவ்னாவுக்கு வைத்த பெயர் ‘பிரேக்’. முதுகுக்குப் பின்னால் மட்டும் சொல்வார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. முகத்துக்கு நேரேதான் சொன்னார்கள். பச்சை விளக்கு எரிந்தாலும் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். மழை பெய்தால் மெதுவாகப் போவாள்; மழை நின்றால், தரை ஈரமாக இருக்கிறது என்று அப்போதும் மெதுவாகப் போவாள். அவள் வண்டியில் வெகுகாலம் கண்டக்டராக இருந்த ஸோயா, “இவ டீ குடிக்க உக்காந்தாக்கூட முதல்ல நாற்காலிக்கு ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் உக்காருவா” என்று சொல்லி கேன்டீனையே சிரிக்க வைப்பாள். ரிம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்து, போகிற வழியில் தன் வண்டிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வாள்.

அவளுடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிப்ரவரிக் காலை, ஆற்றை நோக்கி இறங்கும், ஐஸ் படிந்த தெருவில் வண்டி அவள் பேச்சைக் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தாள், சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, அவர்களை நிதானமாகக் கடந்து போய்ப் பத்திரிகைக் கடையில் முட்டித்தான் நின்றது. கடைக்காரி அப்போதுதான் வெந்நீர் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கண்ணாடி உடைந்தது, வாரப் பத்திரிகைகள் பனியில் சிதறின, அவ்வளவுதான். ஊர் கொஞ்ச நாள் சிரித்துவிட்டு மறந்தது. ரிம்மா மறக்கவில்லை. கடைக்காரி அன்றைக்கு வெந்நீர் வாங்கப் போகாமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வி அவளோடு தினமும் வேலைக்கு வந்தது. சக்கரம் வழுக்கினால் ஐஸில் தூவ, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு வாளி மணல் வைத்திருப்பது எல்லா வண்டியிலும் வழக்கம். ரிம்மா இரண்டு வாளி வைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் புருஷன் கிடைத்ததும் அந்த நிதானத்தால்தான். ஆற்றங்கரையில், ஊர் வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்பும் கொதிகலன் கூடத்தில் வேலை பார்க்கும் ரொதியோன், சாயங்காலங்களில் தன் சின்னப் பெண்ணை மழலையர் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வருவான். அந்தப் பெண் அவன் தோளில் தூங்கிவிடும். “மத்த வண்டியில ஏறினா ரெண்டாவது ஸ்டாப்ல முழிச்சுக்கிட்டு அழுவா. உங்க வண்டியில மட்டும்தான் கடைசி ஸ்டாப் வரைக்கும் தூங்குறா” என்று ஒருநாள் டிரைவர் கதவருகே வந்து சொன்னான். ரிம்மாவின் வாழ்க்கையில் அவளுடைய நிதானத்துக்கு யாராவது நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் அவன் எத்தனையோ வருஷம் அந்தக் கதவருகே நின்றே பயணம் செய்தான். போன இலையுதிர்காலத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ரிம்மாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

அவள் வண்டியில் அத்தனை நிம்மதியாகத் தூங்கிய அந்தப் பெண்ணுக்கு இப்போது பத்து வயது. பெயர் ஸ்டேஷா. முழித்திருக்கும்போது அவளுக்கு ரிம்மாவைப் பிடிக்கவில்லை.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஸ்டேஷா மரியாதையாக நடந்துகொண்டாள். சொந்த வீட்டில், சொந்தச் சமையலறையில், தகப்பன் பெயரையும் சேர்த்து, வகுப்பு ஆசிரியையைக் கூப்பிடுவதுபோல, “ரிம்மா அர்காதியெவ்னா, உப்பை இந்தப் பக்கம் தள்ளுறீங்களா?” என்பாள். அந்த மரியாதையைக் கேட்கும்போதெல்லாம் ரிம்மாவுக்கு யாரோ கதவை மெதுவாகச் சாத்துவதுபோல இருக்கும்.

ஸ்டேஷாவின் அம்மா இங்கா, தெற்கே பனியே விழாத கடற்கரை ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டு இருந்தாள். புத்தாண்டுக்கு வந்து மகளைக் கொஞ்ச நாள் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லை. அதற்குப் பதில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஊதா நிறத்தில், வெள்ளை நட்சத்திரம் போட்ட ஒரு வத்ரூஷ்கா. நடுவில் பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் வட்ட ரொட்டியின் பெயர்தான் அது. காற்றடித்த அந்தப் பனிச்சறுக்கு வளையமும் பார்க்க அப்படியே இருப்பதால் அதற்கும் அதே பெயர். கூடவே போனில் ஒரு செய்தி: இனி அம்மாவிடமே வந்து இருக்கப் போகிறாளா, இங்கேயே இருக்கப் போகிறாளா என்று ஸ்டேஷா கிறிஸ்துமஸுக்குள் யோசித்துச் சொல்லட்டும். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் புத்தாண்டுக்குப் பிறகு, ஜனவரி ஏழாம் தேதி வருகிறது. அதாவது, ஒரு வாரம்.

அன்றைக்கு ரொதியோன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரிம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, துணியால் ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“ரிம்மா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?”

“தட்டு தேஞ்சு போகுது. சொல்லு.”

“இந்த லீவு முடியற வரைக்கும் அவகிட்ட ‘வேண்டாம்’னு சொல்லாதே. தொப்பி போடாம வெளிய போகாதேன்னு சொல்லு, அது வேற. மத்தபடி ஐஸ்கிரீம் வேணுமா, சரி. ராத்திரி சினிமா பாக்கணுமா, சரி. நீ மூச்சுக்கு மூச்சு வேண்டாம்னு சொல்றே. அவ அதை எண்ணிக்கிட்டிருக்கா.”

“எண்றாளா?”

“என்கிட்ட ஒருநாள் சொன்னா.”

ரிம்மாவுக்கு முகம் சுட்டது. சரி என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் போய்விடுவாளோ என்ற பயம் அவளுக்கு ரொதியோனைவிட அதிகமாகவே இருந்தது, ஆனால் அதை வெளியே சொல்ல அவளுக்கு என்ன பாத்தியதை? பெற்றவள் தெற்கே இருக்கிறாள். இவள் பஸ் ஓட்டியவள்.

இனி எங்கள் சறுக்குமேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொதிகலன் கூடத்துக்கு இந்தப் பக்கம் ஆற்றின் கரை உயரமாக எழும்பி நிற்கும். அங்கிருந்து இறங்கினால் நேரே உறைந்த ஆறு. ஒவ்வொரு வருஷமும் குளிர் நன்றாக இறுகியதும் அக்கம்பக்கத்துத் தகப்பன்மார் ஒன்றுசேர்ந்து குழாய் போட்டு அந்தச் சரிவில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றியது உறைய, அதன் மேல் மறுபடி ஊற்ற, விடியும்போது சரிவு கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். இவர்களுடைய தகப்பன்மாரும் ஊற்றினார்கள், அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் ஊற்றினார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதில் அட்டையிலும் பழைய லினோலியத் தரைவிரிப்புத் துண்டிலும் சறுக்கினார்கள். இப்போது வத்ரூஷ்கா வந்துவிட்டது. பனியிலேயே பறக்கிற அதற்கு இன்னும் எதற்குத் தண்ணீர் என்று எந்தத் தகப்பனும் கேட்கவில்லை. எத்தனைக்கெத்தனை கண்ணாடியோ அத்தனைக்கத்தனை பாசம் என்பது அவர்கள் கணக்கு.

அதே ஊரில், சறுக்குமேட்டில் மணலோ சாம்பலோ போடுகிறவரைவிடக் கேவலமான பிறவி கிடையாது. முன்பு எங்கள் குடியிருப்பு முற்றத்தில், யாரோ விழுந்துவிடுவார்கள் என்று பயந்து, பிள்ளைகளின் சின்னச் சறுக்கில் சாம்பல் தூவிய ஒரு தெருக்கூட்டி இருந்தாள். அவள் வேலையை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது அடுத்தவர் சந்தோஷத்தைக் கெடுத்தால் ‘தெருக்கூட்டி’ என்றுதான் திட்டுகிறோம்.

விடுமுறையின் மூன்றாம் நாள் ரொதியோன் பெண்ணைச் சறுக்குமேட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. முந்தின ராத்திரி அவனும் பக்கத்துக் கட்டிட அர்ஹிப்பும் சேர்ந்து புதிதாக ஒரு தண்ணீர் விட்டுவிட்டு, மீசையில் ஐஸ் தொங்க வீட்டுக்கு வந்து, “நாளைக்குப் பாரு, ராணி மாதிரி போவே” என்று பெண்ணிடம் பெருமையடித்தான். விடிந்ததும் கொதிகலன் கூடத்திலிருந்து போன். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி குளிரில் எங்கோ குழாய் வெடித்துவிட்டது. அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டே ரிம்மாவைப் பார்த்த பார்வையில் அவள் கொடுத்த வாக்கு இருந்தது.

ஸ்டேஷா காற்றடித்த வத்ரூஷ்காவைக் கட்டிப்பிடித்தபடி வீட்டுக் கூடத்தில் நின்றாள். “நாம போகலையா, ரிம்மா அர்காதியெவ்னா?”

‘வேண்டாம்’ என்ற சொல் ரிம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த வளையத்தில் ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை. ஒரு பக்கம் திரும்பவும் வழியில்லை. இருபது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டியவளின் கால் தானாகத் தரையில் பிரேக்கைத் தேடியது. ஆனால் அது அந்தப் பெண்ணுக்கு அவள் அம்மா அனுப்பியது. அதை வேண்டாம் என்று சொல்கிறவள் யாராக ஆகிவிடுவாள் என்று ரிம்மாவுக்குத் தெரியும்.

“போகாம என்ன? இப்பவே போலாம்” என்றாள். “சீக்கிரமாப் போனா கூட்டம் இருக்காது.”

நம் ரிம்மா செய்த முதல் ஜாக்கிரதை இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருந்த மாண்டரின் ஆரஞ்சுகளைப் பையில் போட்டாள், தெர்மாஸில் டீ ஊற்றினாள், பெண்ணுக்கு இரண்டாவது காலுறையை மாட்டினாள். தானும் கம்பளி பூட்ஸை மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வந்ததும் சட்டென்று முக்காலியில் உட்கார்ந்தாள். “உக்காரு” என்று ஸ்டேஷாவையும் உட்காரச் சொன்னாள். தூரப் பயணம் கிளம்புமுன் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம்.

“ஆத்தங்கரைக்கா?” என்றாள் ஸ்டேஷா. “தெருமுனை தாண்டினா வந்துடும்.”

“இருந்தாலும் உக்காரு.”

பெண் கண்ணை மேலே உருட்டினாள். ஆனால் உட்கார்ந்தாள். கொஞ்சம் சிரித்ததுபோலவும் இருந்தது. ரிம்மாவுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

சறுக்குமேட்டில் அர்ஹிப் மட்டும் மண்வெட்டியோடு நின்று தன் கைவேலையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தான். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரியது.

“வாங்க, வாங்க! இன்னிக்கி முதல் சவாரி உங்களுக்குத்தான். புத்தம்புதுசு. ஒரு ஈ கூட இன்னும் வழுக்கல.”

ரிம்மா விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். சரிவு பளபளத்தது. கீழே ஆறு. ராத்திரி ஊற்றிய தண்ணீர் சரிவோடு நிற்காமல் ஆற்றின் மேலும் நீளமாக ஓடி உறைந்திருந்தது. அதன் மேலிருந்த பனித்தூளைக் காற்று பெருக்கித் தள்ளியிருந்தது. அதற்கும் அப்பால் வெண்மையாக ஆவி எழும்பியது. கொதிகலன் கூடத்து வெந்நீர் ஆற்றில் விழும் இடம் அது. அங்கே மட்டும் எந்தக் குளிரிலும் ஆறு உறைவதில்லை. தெற்கே பறக்கச் சோம்பல்பட்ட வாத்துகள் குளிர்காலம் முழுக்க அங்கேதான் கிடக்கும். பிள்ளைகள் ரொட்டி போடுவார்கள்.

“அர்ஹிப், அந்தத் தண்ணி வரைக்கும் போயிடாதா?”

“எது, வாத்துகிட்டயா?” அர்ஹிப் அண்ணாந்து சிரித்தான். “நான் பொறந்ததுலேருந்து இங்க சறுக்கறேன். ஒருத்தனும் பாதி தூரம்கூடப் போனதில்ல. நீங்க பஸ்ஸுலதான் பிரேக்குன்னு நினைச்சேன்!”

ஸ்டேஷா அதைக் கேட்டுச் சிரித்தாள். ரிம்மா சிரிக்க முயற்சி செய்தாள். ஒருபக்கம் அந்த ஆவி, இன்னொருபக்கம் பெண்ணின் முகம். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“தனியா வேணாம்... அதாவது, நானும் வர்றேன். சேர்ந்து போலாம். நான் பிடிச்சுக்கறேன்.”

இது இரண்டாவது ஜாக்கிரதை.

ஸ்டேஷாவின் முகம் லேசாகச் சுருங்கியது, ஆனாலும் ஒதுங்கி இடம் விட்டாள். ரிம்மா ஊதா வளையத்துக்குள் தன் கனத்த கோட்டோடு இறங்கி உட்கார்ந்தாள். பெண்ணை மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்டேஷா பக்கத்துப் பட்டைகளை இரண்டு கையாலும் பிடித்தாள். ரிம்மா, “இரு, இன்னும் தயாராகல” என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அர்ஹிப் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, மனதார ஒரு தள்ளு தள்ளினான்.

அதற்கப்புறம் ரிம்மா கேட்டதெல்லாம் யாரோ கத்தும் சத்தம். அது தன் சத்தம்தான் என்பது பாதிச் சரிவில்தான் தெரிந்தது. குளிர்காற்று கண்ணைக் குத்தியது. வளையம் சுழன்றது. கரை தெரிந்தது, அர்ஹிப் சின்னதாகத் தெரிந்தான், பிறகு ஆறு, பிறகு மறுபடி கரை. மடியில் ஸ்டேஷா சந்தோஷத்தில் கீச்சிட்டாள். சரிவு முடிந்து ஆற்றுக்கு வந்தார்கள். இனி வேகம் குறையும் என்று ரிம்மா காத்திருந்தாள். குறையவில்லை.

காலை ஊன்றினாள். கம்பளி பூட்ஸ் ஐஸ் மேல் வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. குதிகாலை அழுத்தினாள். சக்கரம் நின்றும் வண்டி நிற்காத அந்தப் பிப்ரவரிக் காலை அப்படியே திரும்பி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது. வளையம் சுழன்று மறுபடி திரும்பியபோது ஆவி நேர் எதிரே இருந்தது. அதற்குள் வாத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“ஸ்டேஷா, கையை விடு! விழணும்!”

“மாட்டேன்!” ஸ்டேஷாவின் கீச்சல் மாறிவிட்டது. “இது எங்கம்மா குடுத்தது!”

ரிம்மா அந்தச் சின்ன முஷ்டிகளைப் பிரிக்கப் பார்த்தாள். கையுறையோடு எதுவும் பிடிபடவில்லை. ஒரு கையைப் பிரித்தால் மற்றது இறுகியது. வளையம் இன்னொரு சுற்று சுற்றியது. கரை போய் ஆவி வந்தது, வெந்நீரின் கந்தக வாசனைகூட வந்தது.

“நான் விழப்போறேன், கண்ணு” என்று ரிம்மா அவள் காதில் சொன்னாள். இதைத்தான் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொல்லவில்லை. “உன்னைப் பிடிச்சுக்கிட்டுத்தான் விழப்போறேன். நீ விட்டா போதும்.”

ஸ்டேஷா விட்டாள்.

இருவரும் ஒன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து ஐஸில் விழுந்தார்கள். ரிம்மாவின் முழங்கை நச்சென்று இடித்தது, தொப்பி எங்கோ பறந்தது, உருண்டு உருண்டு சொரசொரப்பான பனியில் வந்து நின்றார்கள். தண்ணீருக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு ட்ராலிபஸ் நிறுத்தும் இடம்தான் இருந்தது. பாரம் இறங்கிய ஊதா வத்ரூஷ்கா துள்ளிக்கொண்டு போய், ஐஸ் விளிம்பைத் தாண்டி, தண்ணீரில் தொப்பென்று இறங்கியது. வாத்துகள் கூச்சலிட்டு எழும்பி, ஒரு வட்டம் அடித்து, அதைச் சுற்றி மறுபடி உட்கார்ந்தன.

ரிம்மா பெண்ணின் கை, கால், முகம் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உதடு கொஞ்சம் கிழிந்திருந்தது, மற்றபடி ஒன்றும் இல்லை. ஸ்டேஷா தண்ணீரில் சுழலும் வளையத்தைப் பார்த்தாள். வாய் கோணியது. கையுறை போட்ட முஷ்டியால் ரிம்மாவின் மார்பில் குத்தினாள்.

“நீங்கதான் சேர்ந்து உக்காரணும்னு சொன்னீங்க! நான் தனியா வந்திருந்தா நின்னிருக்கும்! உங்க கனத்தாலதான்! உங்களாலதான்!”

ரிம்மா தடுக்கவில்லை. பெண் சொன்னது நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது. கூட்டத்துக்குப் பயந்து முதல் ஆளாக வந்ததால்தான் அந்தப் புது ஐஸை வேறு யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. பிள்ளைக்குப் பயந்து கூட உட்கார்ந்ததால்தான் இத்தனை தூரம் வந்தது. தன் பயமே பிள்ளையைத் தண்ணீர் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. மேலே அர்ஹிப் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷா அறையை விட்டு வரவில்லை. புத்தாண்டுக்குச் செய்து மிஞ்சிய ஒலிவியே உருளைக்கிழங்கு சாலட்டைக் கதவருகே வைத்ததும் தட்டு உள்ளே போனது, காலியாக வெளியே வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ரொதியோன் நடந்ததைக் கேட்டு, “வாத்துகிட்ட வரைக்கும் போச்சா?” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “நாங்கதானே ஊத்தினோம்” என்று தனக்குத்தானே சொன்னான். அடுத்த நாளும் அவனுக்குக் குழாய் வேலை இருந்தது.

அறைக்குள் போன் அடித்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற ரிம்மாவுக்கு, ஒட்டுக்கேட்கிறோமே என்ற வெட்கம் இருந்தும், கால் நகரவில்லை. “ம்” என்றாள் ஸ்டேஷா. “ம். போனோம்.” பிறகு, “இல்லம்மா, இன்னும் யோசிக்கல. கிறிஸ்துமஸுக்குள்ள சொல்றேன்.”

ரிம்மா சமையலறைக்குப் போய் அர்ஹிப்பைப் போனில் கூப்பிட்டாள். கீழே ஒரு பனிச்சுவர் எழுப்ப முடியுமா என்று கேட்டாள்.

“கனம், ரிம்மா அர்காதியெவ்னா, கனம்!” என்றான் அவன். அவனும் பயந்துதான் போயிருந்தான், ஆனால் எங்கள் ஊர் ஆண்கள் பயத்தைச் சத்தத்தால் மூடுவார்கள். “உங்க ரெண்டு பேர் கனம். குழந்தைங்க தனியா அவ்வளவு தூரம் போகாது. ஞாயித்துக்கிழமை ஆளுங்களைக் கூப்பிட்டு ஏதாவது பண்ணலாம்.”

“நாளைக்கு ரெண்டு பிள்ளைங்க ஒண்ணா ஏறினா?”

“ஞாயித்துக்கிழமை பாக்கலாம்” என்று அவன் போனை வைத்துவிட்டான்.

ரிம்மா அன்று தூங்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதைச் செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. ஸ்டேஷா அவள் சொன்ன ‘வேண்டாம்’களை எண்ணுகிறாள். ஊரே பார்க்க, பள்ளித் தோழர்கள் பார்க்க, அவற்றிலேயே பெரிய ‘வேண்டாம்’ நாளைக்கு விழும். அதற்கப்புறம் அந்தப் பெண் அம்மாவுக்குச் சொல்ல யோசிக்க வேண்டியதே இல்லை. ரொதியோனுக்குக் கொடுத்த வாக்கும் போகும். பிள்ளையும் போய்விடுவாள். போகட்டும், எங்கேயோ உயிரோடு இருப்பாள் என்று விடியும்போது முடிவுக்கு வந்தாள். அப்படி நினைத்தபோது அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு டிப்போவுக்குப் போனாள்.

காவல் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஸோயா, மணல் மேட்டிலிருந்து இரண்டு வாளியை நிரப்பும் அவளைப் பார்த்து வெளியே வந்தாள். “லீவுலயும் மணலா? வீட்டுப் படிக்கட்டுக்கா?”

“சறுக்குமேட்டுக்கு.”

ஸோயா சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினாள். “உன்னை உயிரோட விடமாட்டாங்க, ரிம்மா” என்றாள். பிறகு தன் சொந்தக் கையுறையைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். “வாளிப் பிடி கையை அறுக்கும். ரெட்டையாப் போட்டுக்கோ.”

ரிம்மா ஆற்றின் மேல் நடந்து, சரிவு முடிந்து சற்றுத் தள்ளி, குறுக்காக மணலைத் தூவ ஆரம்பித்தபோது மேலே பிள்ளைகள் கூடிவிட்டிருந்தார்கள். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கரையே கொதித்தது.

“ஏய், மணல் போடுறாங்க டோய்!”

“தெருக்கூட்டி! தெருக்கூட்டி!”

“அத்தை, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?”

ஒரு பனி உருண்டை அவள் தோளில் பட்டு உடைந்தது. ஒரு தகப்பன்கூட, யார் என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, “ராத்திரி முழுக்க ஊத்தினோம், மனசாட்சி இருக்கா?” என்று கத்தினான். ரிம்மா குனிந்தபடி கை நிறைய எடுத்து வீசிக்கொண்டே போனாள். கை உறைந்தது, காது எரிந்தது. பிறகு ஒரு பையன் குரல் தெளிவாகக் கேட்டது.

“ஸ்டேஷா! உங்க சித்தி வந்திருக்கா, பாரு!”

ரிம்மா நிமிர்ந்தாள். ஸ்டேஷா மேலே பிள்ளைகள் நடுவில் நின்றாள். எப்போது வந்தாளோ. கையில் யாரோ கொடுத்த அட்டைத் துண்டு. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ரிம்மாவுக்கு அந்த இடத்திலேயே ஐஸ் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

ஸ்டேஷா அட்டையைப் போட்டு உட்கார்ந்து, ஒரே சறுக்காகக் கீழே வந்தாள். மணல் கோட்டைத் தொட்டதும் அட்டை கரகரவென்று இழுத்து நின்றது. எழுந்து மணலைப் பார்த்தாள். அப்பால் ஆவியைப் பார்த்தாள். அங்கே ஊதா வத்ரூஷ்கா ஐஸ் விளிம்பில் ஒட்டி உறைந்து கிடந்தது. அதன் மேல் ஒரு வாத்து, சொந்த வீடு மாதிரி ஏறி உட்கார்ந்திருந்தது.

ஸ்டேஷா மேலே பார்த்து, கிழிந்த உதட்டோடு, முழுத் தொண்டையில் கத்தினாள்: “அங்க பாருங்கடா! அது என்னோடது! நான் அதுல இருந்தேன்! எவனுக்காவது வாத்துகூட உக்காரணும்னா அந்தப் பக்கமா போங்க!”

கரையில் சத்தம் அடங்கியது. ஸ்டேஷா இரண்டாவது வாளியின் பிடியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். கனமாக இருந்தது, இரண்டு கையாலும் பிடித்து இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவள் கோட்டுப் பையில் போன் அடித்தது. ஒரு கையால் வாளியைப் பிடித்தபடி, பல்லால் கையுறையை இழுத்து, போனைக் காதில் வைத்தாள்.

“அம்மா... ஆத்துல இருக்கேன். இல்ல, விளையாடல. வேலையா இருக்கேன்.” கேட்டுக்கொண்டிருந்தாள். குளிரில் மூக்கை உறிஞ்சினாள். “கோடையில வர்றேன்மா. ஆமா, லீவுக்கு. கடல் பாக்கணும். திரும்பி வந்துடுவேன்... இல்ல, அழலம்மா, குளிருது. வச்சுடறேன், வாளி சாயுது.”

போனைப் பைக்குள் போட்டுவிட்டு வாளியை ரிம்மாவின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஸ்டேஷா மணல் தூவிய இடத்தை ஆசிரியை பரீட்சைத்தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, பூட்ஸ் முனையால் ஒரு இடத்தைச் சுரண்டினாள்.

“ரிம்மா அர்காதியெவ்னா, நீங்க ரொம்பக் கஞ்சத்தனமாப் போடுறீங்க. இங்க பாருங்க, கண்ணாடி தெரியுது.”

ரிம்மா குனிந்து அந்த இடத்தில் இரண்டு கை மணலைப் போட்டாள்.

“இது பத்தாது” என்றாள் ஸ்டேஷா. “டிப்போவுல இன்னும் எவ்வளவு இருக்கு?”

“வசந்தம் வர்ற வரைக்கும் இருக்கு” என்றாள் ரிம்மா.